மூச்சு வாங்கும் வண்டி

கார்த்திகை மழை இரண்டு நாளாக விட்டபாடில்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி உச்சி காலையிலேயே மேகத்துக்குள் போய்விட்டது. திண்டிவனம் ரோட்டில் நௌமானின் ஒர்க்‌ஷாப் தகரக் கூரையில் மழை இரைந்துகொண்டிருந்தது. அந்த இரைச்சலையும் மீறி, ஒரு கார் வந்து வாசலில் நிற்பது அவனுக்குக் கேட்டது.

தலையைத் தூக்கிப் பார்க்க வேண்டியதே இல்லை. சத்தத்திலேயே தெரிந்தது, அவன் மனைவி மாஹிராவின் வண்டி.

நல்ல எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது ஒரே சீராக முனகும். இது முனகவில்லை. நான்கைந்து துடிப்பு ஒழுங்காகத் துடித்தது. பிறகு ஒன்று தவறியது. வண்டி முழுக்க ஒருமுறை உதறியது. அணைந்தேவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், எதையோ ஆழமாக உள்ளே இழுத்துக்கொண்டு மறுபடி பிழைத்தது. ஆக்சிலேட்டரை மிதித்தாலும் அதே கதைதான். உடனே கிளம்பாது. ஒரு கணம் திணறிவிட்டுத்தான் நகரும்.

வாங்கி மூன்று மாதம் ஆகிறது. கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்த புதிதில் ஓடிய மாடல். பக்கத்து ஊரான அனந்தபுரத்தில் பழைய வண்டிகளை வாங்கி விற்கும் தங்கராசு, "வெள்ளத்துல நின்ன வண்டி பாய். எஞ்சினுக்கு ஒண்ணும் ஆவல" என்று சொல்லித்தான் கொடுத்தான். சீட்டுக்கு அடியில் காய்ந்த சேறு இருந்தது. நௌமான் அதைப் பொருட்படுத்தவில்லை. மாஹிரா சீயமங்கலம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். பஸ்ஸை நம்பிக் கூட்ரோட்டில் வெயிலிலும் மழையிலும் நின்றுகொண்டிருந்தவள். ஒயரிங் முழுக்க மாற்றி, சீட்டுக்குப் புதுத் துணி போட்டு, தன் கையாலேயே துடைத்துச் சாவியை அவளிடம் கொடுத்தான். அவள் முதல் நாள் ஓட்டிக்கொண்டு போனபோது தெருமுனைவரை பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்தான்.

இரண்டாவது வாரம் உதறல் ஆரம்பித்தது.

பிளக்கை மாற்றினான். காயிலை மாற்றினான். இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தான். பெட்ரோல் பிரஷர் சரியாக இருந்தது. நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஒன்றுபோல இருந்தது. ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தால் ஒரு கோளாறும் காட்டவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் இடித்தது. எஞ்சினுக்குக் கணக்கில் வராத காற்று எங்கிருந்தோ போய்க்கொண்டிருந்தது. எங்கோ ஓர் ஓட்டை. பானெட்டுக்குள் அவன் தொட்டுப் பார்க்காத குழாய் இல்லை. ஓட்டையைக் காணோம்.

அதே வாரம்தான் மாஹிராவுக்கும் மூச்சு வாங்க ஆரம்பித்தது.

முதலில் மாடிப்படி ஏறும்போது. பிறகு தொழுகையில் குனிந்து எழும்போது. பிறகு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே. எக்ஸ்ரே எடுத்தார்கள். ஈசிஜி எடுத்தார்கள். பாண்டிச்சேரிவரை போய்ப் பார்த்தார்கள். நுரையீரல் சுத்தம், இதயம் நல்லா இருக்கு, எல்லாம் நார்மல் என்றார்கள். படுக்கையில் அவள் மூச்சுக்கு இழுத்துக்கொண்டு கிடக்க, பக்கத்தில் விழித்துக் கிடந்த நௌமான் அல்லாவிடம் கேட்காத கேள்வி இல்லை. பகலில் வண்டியிலும் எல்லாம் நார்மல். இரவில் அவளிடமும் எல்லாம் நார்மல். ஆனால் இரண்டும் நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டிருந்தன.

"மழைன்னு மத்தியானத்தோட லீவு விட்டுட்டாங்க" என்றாள் மாஹிரா, கண்ணாடியை இறக்கி. உதடு வெளுத்திருந்தது. ஆனால் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது.

"எறங்கி உள்ள வா. டீ சொல்றன்."

"வேணாங்க. கொஞ்ச நேரம் இப்படியே உக்காந்திருக்கன்."

"எஞ்சின ஆஃப் பண்ணிட்டு உக்காரேன்."

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த கை இறுகியது. "இல்லீங்க, ஓடட்டும். இது ஓடுனாதான் எனக்கு மூச்சு ஒழுங்கா வருது."

நௌமான் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. இரண்டு வாரமாகவே அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இடைவேளை விட்டால் வண்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, இறங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறாள். ஏசி காற்றில் சுகமாக இருக்கிறது போல என்று அவன் நினைத்துக்கொண்டான். வண்டியில் ஏசி வேலை செய்யவில்லை என்பது இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"சரி, உக்காந்திரு. நான் ஒருவாட்டி பாத்துடறன்."

வண்டியைக் கூரைக்கு அடியில் கொண்டுவரச் சொல்லிவிட்டு பானெட்டைத் தூக்கினான். காற்றுக் கசிவைக் கண்டுபிடிக்க அவனிடம் ஒரு பழைய வழி இருந்தது. கை நீளத்துக்கு ஒரு ரப்பர் குழாய். ஒரு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையை எஞ்சினின் ஒவ்வொரு இணைப்பிலும் காட்டினால், கசியும் இடத்தில் 'ஸ்ஸ்' என்று பாம்பு சீறுவது போலக் கேட்கும்.

குழாயைக் காதில் வைத்தான். ஓர் இணைப்பு. சத்தமில்லை. அடுத்தது. சத்தமில்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சும் பெரிய குழாயின் பக்கம் கொண்டு போனான்.

யாரோ மூச்சு விடுவது கேட்டது.

கையை நகர்த்தாமல் நின்றான்.

காற்றுக் கசிவு இப்படி இருக்காது. இது ஏறி இறங்கியது. தொண்டை அடைத்துக்கொண்டு, வாயைப் பிளந்து, கிடைத்ததை இழுத்து, பிடித்து வைத்து, மனசில்லாமல் வெளியே விடும் மூச்சு. நான்கைந்து முறை அப்படி. பிறகு ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் வண்டி உதறியது. பிறகு ஒரு பெரிய இழுப்பு.

குழாயின் முனையிலிருந்து ஏரித் தண்ணீர் நாற்றம் வந்தது. பாசியும் சேறும் கலந்த நாற்றம்.

நௌமான் பானெட்டின் ஓரமாகத் தலையைச் சாய்த்து, கண்ணாடி வழியாக மனைவியைப் பார்த்தான். அவள் கண் மூடிச் சாய்ந்திருந்தாள். நெஞ்சு ஏறி இறங்கியது. காதில் கேட்ட மூச்சு ஏறும்போது ஏறியது. இறங்கும்போது இறங்கியது. இடைவெளியில் நின்றது. வண்டி உதறியபோது அவள் தோளும் உதறியது.

குழாயைக் காதிலிருந்து பிடுங்கி எறிந்துவிட்டு ஓடிப் போய், கதவைத் திறந்து, சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் நின்றது.

மாஹிராவின் மூச்சும் நின்றது.

கண்கள் மட்டும் திறந்துகொண்டன. வாய் திறந்தது. கரையில் போட்ட மீன் போலத் திறந்து மூடியது. உள்ளே ஒரு துளி காற்றும் போகவில்லை. அவள் கை அவன் சட்டையைப் பிடித்தது. நகம் பட்டு நெஞ்சில் ரத்தம் வந்தது.

"மாஹிரா! இன்னா ஆச்சி? மூச்ச இழு! ஏய், மூச்ச இழு!"

அக்குளில் கை கொடுத்து வெளியே இழுக்கப் பார்த்தான். ஒரு காலை வெளியே எடுப்பதற்குள் அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. கண் செருகியது. என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே, அவளை மறுபடி சீட்டில் தள்ளிவிட்டு, சாவியைத் திருப்பினான்.

ஸ்டார்ட்டர் சுற்றியது. சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

பிடித்தது.

எஞ்சின் உதறி எழுந்ததும், அவளும் உதறி, கதறுவது போல ஒரு மூச்சை இழுத்தாள்.

நௌமான் ஈரத் தரையில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடவிட்டபடியே அவளை இறக்க இன்னொரு முறை முயன்றான். தலை கதவைத் தாண்டியதுமே மூச்சு அறுந்தது. உள்ளே வைத்ததும் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போய்விடலாம் என்று, அவளைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்திவிட்டு கியரைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதித்தான். வண்டி வழக்கம் போலத் திணறியது. அந்தத் திணறலில் மாஹிராவின் கழுத்து நரம்புகள் புடைத்தன. இரண்டு கையாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள்.

காலை எடுத்துவிட்டான். ஒரு அடி கூட நகரவில்லை.

பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்குக் கீழே கிடந்தது. ஒர்க்‌ஷாப்பில் இருந்த கேனில் கொஞ்சம் பெட்ரோல் இருந்தது. ஓடிப் போய் எடுத்து வந்து ஊற்றினான். ஊற்றிய அவசரத்தில் பாதி தரையில் போயிற்று.

யாரைக் கூப்பிடுவது? ஆம்புலன்ஸ் வந்தால் முதலில் அவளை இறக்குவார்கள். இறக்கினால் செத்துப்போவாள்.

போனை எடுத்து தங்கராசுவைக் கூப்பிட்டான்.

"சொல்லுங்க பாய்."

"அண்ணே, எனக்கு வித்தியே, அந்த வண்டி யாருது?"

"ஏன் பாய்? வண்டிக்கு இன்னா ஆச்சி?"

"அண்ணே, என் பொண்டாட்டி சாவறா. யாரு வண்டி அது?"

"எங்க இருக்கறீங்க? நான் இங்க மார்க்கெட் கமிட்டியிலதான் நெல்லு மூட்டையோட நிக்கறன். வரன் இருங்க."

பத்து நிமிடத்தில் பைக்கில் நனைந்துகொண்டே தங்கராசு வந்து சேர்ந்தான். ஐம்பதைத் தாண்டிய ஆள். ஒர்க்‌ஷாப் வாசலிலேயே நின்றுகொண்டான். உள்ளே வரவில்லை. உதறிக்கொண்டிருந்த வண்டியையும், அதற்குள் வாயைப் பிளந்து மூச்சுக்கு இழுத்துக்கொண்டிருந்த மாஹிராவையும் பார்த்ததும், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"வெள்ளத்துல நின்ன வண்டின்னு சொன்னியே."

"பொய் சொல்லிட்டன் பாய். ஏரியிலேந்து எடுத்தது." குரல் உள்ளே போய்விட்டது. "மங்கைன்னு ஒரு பொண்ணு. தொண்டூர் பக்கம். நர்ஸ் வேலை பாத்துது. வேலை முடிஞ்சி வீட்டுக்கு வந்துனு இருந்துது. இதே மாதிரி மழை. ஏரிக்கரை மேல ட்ராக்டருக்கு ஒதுங்கறப்ப கரை சரிஞ்சி வண்டி உள்ள போயிடுச்சி."

"அப்புறம்?"

"சனம் ஓடியாந்துது. நீச்சல் தெரிஞ்சவன்லாம் குதிச்சான். தண்ணி அழுத்தத்துல கதவு தொறக்கல. உள்ளேந்து கண்ணாடிய தட்டினே இருந்துதாம்." தங்கராசு கையில் இருந்த துண்டை முறுக்கினான். "வண்டி முழுசா மூழ்கின பிறகும் எஞ்சின் ஓடினு இருந்துதுன்னு சொல்றாங்க பாய். தண்ணிக்குள்ளேந்து அந்தச் சத்தம் கேட்டுதாம். விட்டு விட்டு. அது நின்ன பிறகுதான் தட்டற சத்தமும் நின்னுதாம்."

நௌமான் வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

உதறியது. நின்றது. இழுத்தது.

"அந்தப் பொண்ணோட புருஷன் வண்டிய பாக்கவே மாட்டன்னுட்டான். நான்தான் எடுத்துனு வந்தன். உங்ககிட்ட சொன்னா வாங்க மாட்டீங்கன்னு..." தங்கராசு அழுதான். "என்னை மன்னிச்சிடுங்க பாய்."

மன்னிக்கவோ அடிக்கவோ நௌமானுக்கு நேரம் இல்லை. அவன் மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. ஓட்டை எங்கே? வெளியே எல்லா இடமும் பார்த்தாயிற்று. வெளியே இல்லை என்றால்?

உள்ளே.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, தரையில் குப்புறப் படுத்து, பெடல்களுக்குப் பின்னால் தலையை நுழைத்தான். அங்கே பிரேக் பூஸ்டர் இருந்தது. பிரேக்கை மிதிக்க லேசாக்கும் வட்டமான டப்பா. எஞ்சின் உறிஞ்சும் விசையில்தான் அது வேலை செய்யும். முன்பக்கம் பானெட்டுக்குள், பின்பக்கம் காருக்குள். அதன் உள்சவ்வு கிழிந்திருந்தால், எஞ்சின் வெளிக்காற்றோடு சேர்த்து, காருக்குள் இருக்கும் காற்றையும் உறிஞ்சும். காருக்குள் உட்கார்ந்திருப்பவர் மூச்சு விடும் காற்றை.

பெடலுக்குப் பின்னால் காதை வைத்தான். ரப்பர் குழாய் தேவைப்படவில்லை.

ஸ்ஸ்ஸ்.

கிடைத்துவிட்டது. இரண்டரை மாதமாகத் தேடிய ஓட்டை. தேடிக் கண்டுபிடித்த சந்தோஷம் அவனுக்கு ஒரு கணம்கூட நிலைக்கவில்லை. சீறலுக்குள்ளே ஒரு குரல் இருந்தது.

"தொறங்க..."

பெண் குரல். மாஹிராவின் குரல் இல்லை. தண்ணீருக்கு அடியிலிருந்து பேசுவது போலக் குழைந்து வந்தது.

"யாராச்சும் கதவத் தொறங்க..."

கண்ணாடிகள் உள்பக்கமாகப் பனி பிடித்திருந்தன. பின்சீட்டுக் கண்ணாடியின் பனியில் ஓர் உள்ளங்கை பதிந்தது. எடுத்தது. மறுபடி பதிந்தது. 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது.

தங்கராசு வாசலிலிருந்து ரோட்டுக்கே போய்விட்டான்.

நௌமான் ஓடவில்லை. பானெட்டுக்கு வந்து, பூஸ்டரிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாயைக் கட்டிங் பிளேயரால் நசுக்கிப் பிடித்தான். ஓட்டை அடைபட்டால் உதறல் நிற்கும். அவன் கணக்கு தப்பவில்லை. எஞ்சின் அந்த நொடியே சீரானது. புது வண்டி போல, பட்டுப் போல ஓடியது. இரண்டரை மாதமாக அவன் கேட்க ஏங்கிய சத்தம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மாஹிராவின் தலை தோளில் சரிந்தது.

பிளேயரை விட்டான். எஞ்சின் உதறியது. அவள் தலை மெல்ல நிமிர்ந்தது.

அவனுக்குப் புரிந்தது. உள்ளே இரண்டு பேர் இருக்கிறார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே மூச்சு. எஞ்சின் ஓடும்வரை உயிர் இருக்கும் என்று நம்பிக்கொண்டு, அந்தப் பெண் இன்னமும் ஏரிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். ஓட்டையை அடைத்தால் அவளோடு சேர்த்து இவளும் போவாள்.

ஊற்றிய பெட்ரோலும் தீர்ந்துகொண்டே வந்தது. உதறல்களுக்கு நடுவே இருந்த இடைவெளி நீண்டுகொண்டே வந்தது.

அவன் நாலு கதவுகளையும் ஓடி ஓடித் திறந்தான். மூன்று திறந்தன. பின்பக்கம் இடது கதவு திறக்கவில்லை. கைப்பிடி நகர்ந்தது, கதவு வரவில்லை. அந்தப் பக்கம் ஏதோ பெரிய பாரம் சாய்ந்து அழுத்துவது போல இருந்தது. கடப்பாரையை எடுத்து வந்து இடுக்கில் கொடுத்து, காலை வண்டியில் ஊன்றி, உடம்பை முழுக்கப் போட்டு நெம்பினான். தகரம் கிழிந்தது. கதவு அசையவில்லை.

எஞ்சின் ஒரு முறை இருமியது.

கடப்பாரையைப் போட்டுவிட்டு பானெட்டுக்கு ஓடி வந்தான். பூஸ்டர் குழாயை அதன் மூட்டிலிருந்து பிடுங்கினான். குழாயின் திறந்த வாய் காற்றை வெறியோடு உறிஞ்சியது. அதில் தன் வாயை வைத்தான்.

நுரையீரலே கழன்று வருவது போல இருந்தது. உள்ளே இருந்த மூச்சு முழுவதும் ஒரே இழுப்பில் போயிற்று. கண் இருண்டது. வாயில் சேற்றுத் தண்ணீர் சுவை வந்தது. காதில் அடைப்பு விழுந்தது. மழைச் சத்தம் எங்கோ மேலே, தலைக்கு வெகு உயரத்தில் கேட்டது. பச்சை இருட்டு. அதில் ஒரு பெண்ணின் முடி மெல்ல அலைந்தது.

வாயை எடுத்து, மூச்சு வாங்கி, குழாய்க்குள் பேசினான்.

"மங்கை... ம்மா... ஏரியிலேந்து வண்டிய எடுத்துட்டாங்கம்மா. இது செஞ்சி. என் ஒர்க்‌ஷாப். தண்ணி இல்லம்மா இங்க. பாரு, கதவுலாம் தொறந்திருக்குது."

உறிஞ்சல் ஒரு கணம் தயங்கியது.

"என் பொண்டாட்டிய விட்டுடும்மா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நீ எறங்கி வெளிய வா. வா ம்மா. எங்கூட வா."

மறுபடி வாயை வைத்தான். மறுபடி தன் மூச்சைக் கொடுத்தான். எத்தனை முறை என்று அவனுக்குத் தெரியாது. கால் மடங்கி பம்பர் மேல் விழுந்தான். விழுந்த பிறகும் குழாயை விடவில்லை. வா ம்மா, வா ம்மா என்று உதடு மட்டும் அசைந்தது.

எஞ்சின் உதறியது.

உதறியது.

நின்றது.

பெட்ரோல் தீர்ந்துவிட்டது. தகரத்தில் மழை விழும் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. நௌமான் கண்ணை மூடிக்கொண்டான். நிமிர்ந்து கண்ணாடி வழியாகப் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

பின்பக்க இடது கதவு, யாரும் தொடாமல், 'க்ளக்' என்று திறந்துகொண்டது.

அவன் கையில் இருந்த குழாயிலிருந்து குளிர்ந்த சேற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு அளவுக்குக் கொட்டியது.

பிறகு, வண்டிக்குள்ளிருந்து, நீளமாக, முழுசாக, தடையே இல்லாமல் ஒரு மூச்சு இழுபடும் சத்தம் கேட்டது.

"ஏங்க" என்றாள் மாஹிரா. "ஏன் இப்படி நனைஞ்சிட்டு கெடக்கறீங்க?"

வண்டியை மறுநாளே தங்கராசு கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போனான். நௌமான் கூடவே போய், எஞ்சின் இரண்டாகப் பிளக்கப்படும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினான். தங்கராசு அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்ல வந்தான். நௌமான் கையை விடுவித்துக்கொண்டு பஸ் ஏறினான்.

மாஹிராவுக்கு அந்த மத்தியானம் ஒன்றும் நினைவில்லை. வண்டியில் தூங்கிப்போனதாகச் சொன்னாள். மூச்சு வாங்குவது அன்றோடு நின்றது. மாடிப்படியை ஓடி ஏறினாள். மறுபடி கூட்ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றாள், முணுமுணுத்துக்கொண்டே. அந்த முணுமுணுப்பைக் கேட்க நௌமானுக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது. பள்ளிவாசலில் தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகும், அவன் தூணோரமாக உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தான்.

தை பிறந்தது. மழை போய் வெயில் வந்தது. கோட்டை மலைப் பாறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்படி வானம் கழுவிவிட்டது போல இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, கறி வாங்கிக்கொண்டு நௌமான் வீட்டுக்கு வந்தான். வாசல் கதவு திறந்திருந்தது. கூடத்தில் வெயில் விழுந்திருந்தது. மாஹிராவின் கைப்பை பள்ளிக்கூடத்துக்குத் தயாராக நாற்காலியில் இருந்தது.

"மாஹிரா, பஸ்ஸுக்கு நேரமாவல?"



சமையலறை வீட்டின் பின்னால் சேர்த்துக் கட்டியது. கூரை தாழ்ந்தது. உள்ளே போனான். பால் பொங்கி வழிந்து, அடுப்பு அணைந்திருந்தது.

அவள் சமையல் மேடை மேல் வெறுங்காலோடு நின்றிருந்தாள்.

நுனிக்காலில் எக்கி நின்றிருந்தாள். கழுத்தைப் பின்னால் முழுக்க மடித்து, மூக்கும் உதடும் கூரையைத் தொட்டுவிடும்படி முகத்தை மேலே வைத்திருந்தாள். இரண்டு உள்ளங்கையும் கூரையில் பதிந்திருந்தன. வாயைப் பிளந்து, கூரைக்கும் தன் முகத்துக்கும் நடுவே இருந்த அந்த விரற்கடைக் காற்றை, சின்னச் சின்ன மிடறாக விழுங்கிக்கொண்டிருந்தாள்.

தரை காய்ந்து கிடந்தது. ஜன்னல் வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது.

கையில் இருந்த பை நழுவியது. அது தரையில் விழும் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை.

மாஹிரா முகத்தைத் திருப்பவில்லை. கண்ணை மட்டும் உருட்டி அவனைக் கீழே பார்த்தாள்.

"நீங்க எப்படி அங்க நிக்கறீங்க?" என்று மெல்லக் கேட்டாள். "தண்ணி உங்க தலைக்கு மேல வந்துடுச்சே."

'எங்கூட வா' என்று அன்று குழாய்க்குள் தான் கூப்பிட்டது நௌமானுக்கு நினைவு வந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தான்.

சத்தம் வரவில்லை. ஒரு குமிழி மட்டும் அவன் உதட்டிலிருந்து கழன்று, கண்ணெதிரே வெயிலில் மின்னி, மெதுவாக அவள் முகத்தை நோக்கி மேலே போனது.